வாழ்ந்து எழுதியிருக்கிறார்

மாடி வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பாடம் படிக்கிற நேரம் போக, தன் வயசுப் பிள்ளைகளுக்கான நாவல்களைப் படித்துவிட்டு, அவற்றைப் பற்றி ஒரு நிமிஷம் பேசி போனில் படம் பிடித்துப் போடுகிறாள். போடுவதற்கு முன் என்னிடம் காட்டுவாள். இந்தக் கட்டடத்தில் வேலைவெட்டி இல்லாமல் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்தான். போன வாரம் காட்டியதில் எல்லாம் நன்றாகவே இருந்தது. கடைசியில் மட்டும், "இது கதையே இல்ல ஃபிரெண்ட்ஸ், எழுதுனவங்களுக்கே நடந்திருக்கு, படிச்சாலே தெரியுது" என்று கையை ஆட்டி முடித்தாள்.

"அந்த வரியை எடுத்துடும்மா," என்றேன்.

"ஏன் அங்கிள்? அதுதான் பெஸ்ட் லைன்."

அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என்னைப் பல வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருப்பவர்.

விமர்சனம் என்றாலே எனக்கு மைதா பசையின் வாசனைதான். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. எண்பதுகளின் கடைசியில் பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஏகாம்பரம் என்பவர் வாடகை நூலகம் வைத்திருந்தார். புதுப் புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முதுகில் அந்தப் பசையைத் தடவிக் காய வைத்த பிறகுதான் யார் கைக்கும் கொடுப்பார். பூச்சி அண்டாது என்பார். பூச்சி அண்டவில்லை, நான் அண்டினேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மீசை வைத்த ஆள், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவன், பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகளுக்காக எழுதிய நாவல்களை ரயிலில் படித்துக்கொண்டு போவேன். பக்கத்து ஆள் பார்த்துவிடக் கூடாதென்று போல்ட் நட்டு விலைப்பட்டியலுக்குள் செருகி வைத்துப் படிப்பேன். அந்த நாவல்களில் எல்லோரும் எதையாவது முதல்முறையாகச் செய்துகொண்டிருந்தார்கள். நாள் முழுக்க வாஷருக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பவனுக்கு அது வேண்டியிருந்தது.

ஏகாம்பரம் மாதம் இரண்டு முறை ஒரே தாளில் பேட்டைப் பத்திரிகை ஒன்றும் நடத்தினார். ஆவடியில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்து, ஸ்டேஷன் வாசலில் இலவசமாகக் கொடுப்பார். ஒரு பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், குக்கர் ரிப்பேர், கோயிலில் கூழ் வார்க்கும் தேதி. மறு பக்கம் ஊர்ச் செய்தி. அதன் கீழே என் பத்தி, 'இளையோர் நாவல்'. விலைப்பட்டியல் ரகசியத்தைக் கண்டுபிடித்து அவரே என்னைப் பிடித்துப் போட்டதுதான்.

"இன்னா நைனா, சும்மா படிச்சுகினே போற. படிச்சத நாலு வரி எழுதிக் குடேன். புக்கு நல்லா ஓடும்."

ஸ்டோர் கீப்பர் புத்தி எங்கே போகும். வாக்கியங்களையும் ரகவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். சுமாரான நாவலுக்கு 'விறுவிறுப்புக்குக் குறைவில்லை'. மோசமானதற்கு 'நடையில் கவனம் தேவை'. எழுதியவர் தலைமையாசிரியர் என்றால் 'மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்'. மேல் தட்டில், சுலபமாகக் கை எட்டாத இடத்தில், ஒன்றை வைத்திருந்தேன்: 'வாழ்ந்து எழுதியிருக்கிறார்.' பெரிய பத்திரிகைகளில் பெரிய விமர்சகர்கள் எழுதுவதைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டது. ஒரு எழுத்தாளருக்கு அதற்கு மேல் பாராட்டு கிடையாதென்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அப்போதுதான் அமுதாவின் நாவல் வந்தது. மாதம் ஒரு இளையோர் நாவல் போடும் பட்டணத்துப் பதிப்பாளர் ஒருவர் போட்டி வைத்து, அதில் தேர்ந்தெடுத்தது. அட்டையில் அவள் பெயருக்குக் கீழே 'பட்டாபிராம்' என்று அச்சாகியிருந்தது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்த பெண், எங்கள் நூலகத்து உறுப்பினர், காலை ரயிலில் லேடீஸ் பெட்டியின் ஜன்னலோரத்துக்காக ஓடுகிறவள். எங்களுக்குத் தெரிந்து எங்கள் பேட்டையில் புத்தகம் எழுதிய முதல் ஆள். அவள் அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். அவருக்கு முந்தின தலைமுறை வரை பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். புத்தகம் வந்த அன்று அவர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அட்டையில் சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைத் திறக்கவில்லை. சாமிக்கு வைத்ததை எடுத்துப் புரட்டுவார்களா என்ன.

நான் நூலகப் பிரதியைப் படித்தேன். பதினேழு வயசுப் பெண் ஒருத்தி, மாலையில் அண்ணனூர் ஸ்டேஷனில் இரண்டு ரயிலை வேண்டுமென்றே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதே பெஞ்சின் மறுகோடியில் ஒரு பையன். பேசிக்கொள்வதில்லை. மழை பெய்யும் ஒரு நாளில் அவன் தன் குடையைப் பெஞ்சின் நடுவில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போகிறான். அவள் அதை எடுக்காமல் தானும் நனைகிறாள். அவ்வளவுதான் கதை. அன்று அம்பத்தூரில் இறங்க மறந்து கொரட்டூர் வரை போய்விட்டேன். லேட்டாகப் போய் மேனேஜரிடம் வாங்கிய திட்டு உறைக்கவே இல்லை.

அதற்காகத்தான் மேல் தட்டு வாக்கியத்தை இறக்கினேன். போதாதென்று அலங்காரம் வேறு செய்தேன். 'அண்ணனூரில் அந்தக் கடைசிப் பெஞ்சில் உட்காராத ஒருவரால் இதை எழுதியிருக்க முடியாது. இது கற்பனையல்ல. அமுதா வாழ்ந்து எழுதியிருக்கிறார்.' ஏகாம்பரம் படித்துவிட்டு, "சோக்கா கீது நைனா," என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

நாவலை ஊரில் பத்துப் பேர் படித்திருந்தால் அதிகம். தாளோ டீக்கடைப் பெஞ்சில் எல்லாம் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே யாரோ சத்தமாக வாசித்திருக்கிறார்கள். பத்து மணிக்கு அமுதாவின் அப்பா நூலகத்துக்கு வந்தார். சட்டைப் பையில் தாள் நான்காக மடித்திருந்தது. கோபமாக வந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவர் நிதானமாக இருந்தார்.

"இத்த எழுதினது நீதான சார்?"

"ஆமாங்க."

"பையன் யாரு? எந்த ஊரு?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? அது கதைங்க."

"கதையில்லன்னு நீதான சார் போட்டுகீற. கற்பனையல்லன்னு கீது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளு. மூணு வாட்டி படிச்சேன்."

"நல்லா எழுதியிருக்காங்கன்னு சொல்றதுக்கு அப்படி எழுதறது வழக்கங்க."

"நல்லாகீதுன்னா நல்லாகீதுன்னு போட வேண்டிதான. அப்ப நீ பொய் எழுதினியா?"

நண்பரே, இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. பொய்யில்லை என்றால் பெண் மாட்டிக்கொள்கிறாள். பொய் என்றால், அந்த நாவலுக்கு ஊரிலிருந்து கிடைத்த ஒரே நல்ல வார்த்தை போய்விடுகிறது. முதலில் பெண்ணைக் காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். "பொய்தாங்க," என்றேன்.

"அத்த ஊட்ல வந்து சொல்லு. எங்க அண்ணன் குந்திகினுகீறாரு."

போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அமுதாவின் அம்மா அடுப்படி வாசலில். அமுதா உள் கதவோரம். சாமி படத்துக்கு முன்னால் நாவல் இருந்தது, குங்குமம் காய்ந்து. நின்றபடியே சொன்னேன். சரியாகப் படிக்கவில்லை, புரட்டிப் பார்த்துவிட்டு எழுதினேன், புத்தகம் ஓட வேண்டுமென்று கூட்டிச் சொன்னேன், அப்படி ஒன்றும் பெரிய நாவல் இல்லை. நம்ப வேண்டுமே என்ற பதற்றத்தில் சொல்லச் சொல்லக் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் மூன்று இடத்தில் தப்பு இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

பெரியவர் முழுக்கக் கேட்டார். பிறகு தம்பியிடம் சொன்னார்: "சும்மா எழுதினவன் இப்டி வேர்த்து ஊத்திகினு வந்து நிப்பானாடா? பொண்ணுக்காகப் பேசறான்." அமுதாவின் அப்பா என்னை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார். இன்னும் வாயைத் திறந்தால் அந்தப் பையனே நான்தான் என்றாகிவிடும் என்று வெளியே வந்தேன்.

செருப்பை மாட்டும்போது குடத்தோடு அமுதா வந்தாள்.

"நான் அண்ணனூர்ல எறங்கினதே இல்ல சார். ட்ரெய்ன் நிக்கற அர நிமிஷம் ஜன்னல்லேர்ந்து அந்தப் பெஞ்சு தெரியும். மிச்சமெல்லாம் நானா யோசிச்சது."

"நாவல் ரொம்ப நல்லா இருக்கும்மா. உள்ள சொன்னதுதான் பொய்."

"அதையும் நீங்கதான சார் சொல்றீங்க," என்று குழாயடிக்குப் போனாள்.

ரயில் நிற்கும் அரை நிமிஷத்திலிருந்து ஒரு ஸ்டேஷனையும் ஒரு மழையையும் இரண்டு மனசுகளையும் உண்டாக்கியிருந்தாள். அப்படி உண்டாக்கவே முடியாது என்று நான் அச்சில் போட்டிருந்தேன். பாராட்டு என்று நினைத்து அவளுடைய திறமையைத்தான் இல்லை என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மறுப்பு போடலாம் என்று ஏகாம்பரமும் நானும் உட்கார்ந்தோம். 'மேற்படி நாவலில் வரும் சம்பவங்கள் எதுவும் செல்வி அமுதாவுக்கு நடக்கவில்லை என்று தெரிவித்துக்கொள்கிறோம்.' படித்துப் பார்த்தால் கட்டாயம் நடந்த மாதிரி இருந்தது. 'செல்வி'யை எடுத்தோம். பெயரை எடுத்தோம். எடுக்க எடுக்க மர்மம் கூடியது. "உடு நைனா," என்றார் ஏகாம்பரம். "தெரியாதவனும் இன்னா இன்னான்னு கேப்பான்." விட்டுவிட்டோம்.

அடுத்த வாரத்திலிருந்து லேடீஸ் பெட்டி ஜன்னலில் அமுதா இல்லை. ஆவணியில் திருமழிசைப் பக்கம் சொந்தத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நூலகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை. அப்பாவே வந்து, அவள் எடுத்திருந்த இரண்டு புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். நானும் விமர்சனம் எழுதுவதை அத்தோடு நிறுத்தினேன். அதனால் யாருக்கு என்ன லாபம்.

தொண்ணூறுகளில் ஒவ்வொன்றாகப் போயின. வீட்டுக்கு வீடு கேபிள் வந்து நூலகத்துக்கு ஆள் வருவது நின்றது. ஏகாம்பரம் புத்தகங்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டார். அமுதாவின் நாவலும் அதில் போயிற்று. எனக்குத் தெரியும்போது மூட்டை போய்விட்டிருந்தது. பதிப்பாளர் கடையை மூடிவிட்டார். ஆவடி அச்சகம் ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. அந்தத் தாள்கூட யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் ஆவடி பஸ் ஸ்டாண்டில் அமுதாவைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளே வந்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல், கேட்கக் கூடாததையே கேட்டேன்.

"ஏதாவது எழுதறீங்களாம்மா?"

"இன்னா சார் எழுதறது? வாழ்ந்துதான எழுதணும்? எனக்குத்தான் ஒண்ணுமே நடக்கலையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னைக் குத்திக் காட்டினாளா, இல்லை நான் எழுதியதை நிஜமாகவே நம்பிவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்பதற்குள் பூந்தமல்லி பஸ் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.