இரண்டடி அகல மேஜை

ஆபரேஷன் அறையில் இருந்தவர்கள்: பெரிய டாக்டர். அவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடும் சின்ன டாக்டர். நர்ஸ் அக்கா. துடிப்பு பார்க்கும் மெஷின் முன்னால் நான். மேஜையில் ஒரு தையற்காரம்மா. மொத்தம் ஐந்து பேர். நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாவிட்டால் எனக்கொன்றும் குறைந்துவிடாது.

பேய் இருட்டில்தான் வரும் என்பது ராத்திரி வேலை பார்க்காதவர்களின் கற்பனை. எட்டு வருட ராத்திரி ஷிப்டில் நான் ஓர் எலியைக்கூடப் பார்த்ததில்லை. அன்று, ஒரு புதன்கிழமை, ஆள் போதவில்லை என்று என்னைப் பகலுக்கு மாற்றியிருந்தார்கள்.

தையற்காரம்மாவின் பேஸ்மேக்கர் வயர் உள்ளேயே முறிந்திருந்தது. புது வயர் போகவேண்டிய ரத்தக்குழாயோ அடைத்துக் கிடந்தது. பழையதைப் பிடுங்கி, அது விட்ட வழியிலேயே புதியதை நுழைக்க வேண்டும். பிடுங்கும்போது குழாய் கிழிந்தால் சில நிமிடங்களில் ஆள் காலி. அதனால் நெஞ்சைத் திறக்கத் தெரிந்த சர்ஜன் ஒருவர் அறையிலேயே நிற்க வேண்டும். பெரிய டாக்டர் கூப்பிடவில்லை.

"அவன் வந்து நின்னா பேரு அவனுக்குப் போயிடும்."

முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'போட்டோ' என்று பெயர். நோயாளி பிழைப்பதற்கு முன்பே கேமராக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்.

2:31. பழைய வயர் வந்துவிட்டது. குழாய் கிழியவில்லை. சின்ன டாக்டர் புகழ ஆரம்பித்தார்.

புது வயரைச் சோதிக்கும் இரண்டு கிளிப்புகள் என் மெஷினிலிருந்து சும்மா தொங்கின. அவை எதையும் தொடவில்லை. திரையில் நேர்கோடுதான் ஓடவேண்டும்.

2:38. துடிப்பு வந்தது.

தையற்காரம்மாவின் துடிப்பு மேல் திரையில் 60. இது 41. இரண்டு துடிப்பு... ஒரு நிறுத்தம்... மூன்று துடிப்பு.

கேபிளையே பிடுங்கினேன். கோடு நிற்கவில்லை.

33... 20...

"பக்கத்துல படுத்திருக்கவர கொஞ்சம் நகரச் சொல்லுங்க," என்றார் தையற்காரம்மா, அரை மயக்கத்தில். "எனக்கு இடமில்ல."

மேஜையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"சில்லுன்னு இருக்காரு..."

2:44. கோடு நேரானது.

"உளறுது," என்றார் போட்டோ. புது வயர் போனது. அம்மா பிழைத்தார். கேமரா வந்தது.

மாலையில் மெஷினின் பழைய பதிவுகளைத் தோண்டினேன். முந்தின புதன்கிழமை. அதே மேஜை, அதே வேலை. 41, 33, 20. இரண்டு, ஒரு நிறுத்தம், மூன்று. நின்றுபோன நேரம் 2:44.

நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். ஒரு லாரி டிரைவராம். குழாய் கிழிந்து, சர்ஜன் வீட்டிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டதாம். இதயம் பலவீனம் என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"உனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல தம்பி? அழிச்சிட்டுப் போ."

இரண்டு பதிவையும் அழித்தேன். அடுத்த நாள் வேலையை விட்டேன். நான் காட்டிய வீரம் அவ்வளவுதான்.

அடுத்த புதன்கிழமை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஒரு வாத்தியார். அவருக்கும் வயர் மாற்ற வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தேன்; அன்றும் சர்ஜனைக் கூப்பிடவில்லை. வாத்தியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய டாக்டர் கைராசிக்காரராமே தம்பி?"

"ஆமாங்க."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கதவு மூடியது. பூட்டு விழுந்தது.