கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த ஜின்

வில்லியனூர் செல்போன் சர்வீஸ் கடையில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் எட்டாவதோடு நின்றவன். அவன் இங்கிலீஷ் நாவல் படிப்பான். போர்டில் பற்றவைத்துக்கொண்டே, படித்ததை எனக்குத் தமிழில் சொல்வான்.

கடைசியாகச் சொன்ன கதையில், அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைகிற ஒரு பையன். அவனுடைய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஜின் வந்து குடியேறிவிடுகிறது. ஜின் புகையில்லாத நெருப்பில் பிறந்ததாம். கரண்டும் அப்படித்தானே என்றான். நான் பேய் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வந்துவிடும்.

"பேய் இல்லடா லூசு. அதுக்கும் புள்ளகுட்டி இருக்கு. தொழுவும். சாவும்."

ஒருநாள், போலீஸ் வந்து பையன் வீட்டுக் கதவைத் தட்டுகிற இடத்தில் கதையை நிறுத்தினான். கம்ப்யூட்டரை ஆஃப் செய்தால் பையன் தப்பிக்கலாம், ஜின் செத்துவிடும். மறுநாள் அவன் காய்ச்சலென்று வரவில்லை. அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டான்.

அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போதும் எனக்கு அந்த ஜின் நினைப்புதான். இதை யாரிடம் சொல்வது? பையன் ஆஃப் செய்தானா இல்லையா என்று தெரியாமல் வேலையே ஓடவில்லை. கொஞ்ச நாள் பொறுத்து, சுல்தான்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போனேன். காலேஜ் படித்த அவன் அக்காவிடம் கேட்டேன்.

"அந்த புக்கு இருக்காக்கா? முடிவ மட்டும் படிச்சி சொல்லேன்."

அக்கா தேடி எடுத்துவந்து, தமிழாக்கிச் சொன்னாள். "நண்பனே, உனக்கு நான் கடமைப்பட்டுள்ளேன் என்றது ஜின்."

"ஜின்னு இப்டியெல்லாம் பேசாதுக்கா."

"பின்ன எப்டிடா பேசும்?"

"'இன்னா மச்சான், கரண்டு பில்லு கட்னியா, இல்ல என்ன இருட்டுல போடப் போறியா'ன்னு கேக்கும்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டு அவன் அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தார்.

"வூட்ல வாயே தொறக்க மாட்டான்டா. சாப்ட்டியான்னா 'ம்'தான்," என்றாள் அக்கா. "நீ மொதல்லேர்ந்து சொல்லு. அவன் சொன்ன மாரியே."

சொன்னேன். அம்மா கீழே உட்கார்ந்து கேட்டார். போலீஸ் கதவைத் தட்டும் இடத்தில் நின்றுவிட்டேன்.

"ஆஃப் பண்ணிட்டானாப்பா?" என்றார் அம்மா.

அக்கா கடைசிப் பக்கங்களைக் கண்ணாலேயே படித்து முடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு. அவன்னா இன்னா சொல்லிருப்பான்?"

"ஆஃப் பண்ணலம்மா," என்றேன்.

அக்கா புத்தகத்தை மூடினாள். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

"அப்ப போலீசு?" என்றார் அம்மா.

அதை நான் யோசிக்கவே இல்லை. மச்சான் என்று ஜின் கூப்பிடுவதிலிருந்து மீதிக் கதையை ஆரம்பித்தேன்.