கீபோர்டுக்குச் சந்தனம் வைத்தவன்

யாரிடமும் அதிகம் பேசாமல் பிழைக்கக்கூடிய தொழில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் நான் மாமல்லபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்தேன். வருகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் எழுந்து போகும்போது நான் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பேன், அவர்களும் பார்ப்பார்கள், கணக்கு முடிந்துவிடும்.

அதற்கு முன்னால், தொண்ணூறுகளில், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சோழி மாலை விற்றுக்கொண்டிருந்தேன். மற்ற வியாபாரிகள் வெள்ளைக்காரர்களின் பின்னாலேயே ஓடி, கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்கள். நான் மாலைகளைக் கையில் தொங்கவிட்டபடி ஓர் ஓரமாக நிற்பேன். யாராவது கேட்டால் கொடுப்பேன். பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளைக்காரர் என்னைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். நான் விற்கிறவன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, நானும் சொல்லவில்லை.

படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாக எனக்கு நன்றாகத் தெரியும். அவை கூட்டமாக வந்தால்தான் பயம். மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். இப்படிப்பட்டவன் எப்படிக் கம்ப்யூட்டர் கடை வைத்தான் என்றால், வைத்தது என் மனைவி. அவள் செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் படித்துத் தமிழில் ஹையர் பாஸ் செய்தவள். நான்கு பழைய கம்ப்யூட்டர்களையும் ஒரு யூபிஎஸ்ஸையும் அவள்தான் தேடிப் பிடித்தாள். ஷட்டரைத் தூக்குவது, கூட்டுவது, வருகிறவருக்கு எந்த கேபின் என்று விரலால் காட்டுவது, இவை மூன்றும் என் பொறுப்பு.

சில வருடம் நன்றாகவே போயிற்று. பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இன்னொரு சென்டர் திறந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். என்னைத் தெருவில் பார்த்தால் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். நானும் மாறிவிடுவேன் என்பதால் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு.

என் மனைவியின் அண்ணன் பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவர். காலையில் படகுகள் கரைக்கு வந்ததும் மீனை மணலில் கொட்டி, சுற்றி நிற்கும் வியாபாரிகளிடம் விலையைக் கூவிக் கூவி ஏற்ற வேண்டும். அவர் குரலுக்குக் கரையில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து வேறு இடம் பார்க்கும். எங்கள் கடை காற்று வாங்குவதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தார்.

"இன்னா மாப்ள, ஈ ஓட்டிகினு கீறே? தை பொறந்ததும் கடைய இழுத்து மூடிட்டு எங்கூட வந்துடு. நீ ஒரு பக்கம் ஏலம் வுடு, நான் ஒரு பக்கம் வுடறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். என் மனைவியும் வேறு வழி இல்லை என்றால் அதுதான் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்தில்கூட ஈரமணலில் நாற்பது பேருக்கு நடுவே வாயைத் திறந்தபடி நிற்பதுபோல் வந்தது. வாய் மட்டும் திறந்திருக்கும். சத்தம் வராது.

கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் அப்போதும் எங்களைக் கைவிடாமல் இருந்தார். அவர்தான், எழுத்துக்கு அடியில் விளக்கு எரியும் கீபோர்டு வந்திருக்கிறது, அப்படி ஒன்று போட்டால் பசங்கள் அதைப் பார்க்கவே வருவார்கள் என்றார். செங்கல்பட்டில் ஒரு கடையையும் சொன்னார்.

முதல் தடவை போனபோது கடையில் கூட்டமாக இருந்தது. என் முறை வந்ததும் கடைக்காரர் தலையை நிமிர்த்தி என்ன வேண்டும் என்றார். எனக்கு "விளக்கு" என்று தமிழில் சொல்வதா, "லைட்டு" என்று சொல்வதா என்று குழப்பமாகிவிட்டது. மவுஸுக்கு அடியில் வைக்கும் அட்டை இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை மனைவி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதை நீட்டினேன். யாரோ ஆர்டர் கொடுத்து வாங்காமல் விட்ட கீபோர்டு ஒன்று மேல் அலமாரியில் இருந்தது. கடைக்காரர் இறக்கி, தூசியைத் தட்டி, சொருகிக் காட்டினார். எழுத்துகள் எல்லாம் நீல நிறத்தில் எரிந்தன. ஒரு செங்கல் எடை இருந்தது. விசையை அழுத்தினால் டக்கென்று சத்தம் வந்தது. மெக்கானிக்கல், அப்படித்தான் சத்தம் வரும், ஆயுசுக்கும் உழைக்கும் என்றார்.

அதைக் கடைசி கேபினில் போட்டோம். பசங்கள் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டு உட்கார்ந்தும் அடித்தார்கள். அப்புறம்தான் அதன் குணம் தெரிந்தது. பிரவுசிங் சென்டருக்கு வருகிறவன் ரகசியமாக ஏதாவது எழுதத்தான் வருகிறான். இந்தக் கீபோர்டில் ஒரு வரி எழுதினால் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஒரு பையன் யாரோ ஒரு பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கேபினிலிருந்து அவன் கூட்டாளி சொன்னான்: "மச்சான், அவ ரெண்டு எழுத்துல பதில் போடறா. நீ இன்னாடா ராமாயணம் அடிச்சிகினு கீறே?" அந்தப் பையன் அதன் பிறகு வரவே இல்லை. வெள்ளைக்கார அம்மா ஒருவர் பத்து விரலாலும் அடித்தபோது, ஓட்டின் மேல் மழை வந்துவிட்டதென்று நான் வெளியே ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை எடுத்தேன்.

ஆனால் அந்த வருடம் சாயந்தரமானால் கரண்ட் போகும். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஏசி சென்டரில் ஜெனரேட்டர் போடுவார்கள், அது கம்ப்யூட்டருக்குத்தான் காணும், ஏசிக்குக் காணாது. திறக்காத கண்ணாடிக்குள் வெந்துபோய் வெளியே வருவார்கள். எங்கள் கடையில் ஜன்னல் வழியாகக் கடல் காற்று வரும். யூபிஎஸ்ஸில் நான்கு கம்ப்யூட்டரும் ஓடும். இருட்டில் மற்ற கேபின்களில் எழுத்தைத் தடவித் தேடுவார்கள். கடைசி கேபினில் மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருக்கும். "லைட்டு கேபின் காலியா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. புரட்டாசி பிறந்ததிலிருந்து அந்த கேபினுக்கு ஆள் காத்திருந்தார்கள். இரவில் எனக்கு ஏலக் கனவு வருவது நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. குப்பத்தில் படகு எஞ்சினுக்குப் பூஜை போடுகிறார்கள் என்று மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, மானிட்டர் தலையில் ஆளுக்கொரு பொட்டு வைத்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தாயிற்று. லைட்டு கேபினுக்கு வந்ததும் என் மனம் கேட்கவில்லை. நம்மைக் காப்பாற்றுகிற பொருளுக்கு ஒரே ஒரு பொட்டா என்று தோன்றிற்று. ஒவ்வொரு விசைக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம் என்று வரிசையாக வைத்தேன். நீளமான விசைக்குப் பட்டை போட்டேன். கிண்ணத்தில் சந்தனம் குறையவே தண்ணீர் விட்டு இளக்கிக்கொண்டேன். முடித்துவிட்டு நின்று பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆயுத பூஜையன்று வைத்த பொருளைத் தொடக்கூடாது என்பதால் அப்படியே ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டேன். இளகிய சந்தனத்துக்கு உள்ளே இறங்கி இறுகுவதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் கிடைத்தன.

மறுநாள் விஜயதசமி. டவுன்ஷிப் வாடிக்கையாளர் மனைவியோடும் சின்ன மகளோடும் காலையிலேயே வந்துவிட்டார். குழந்தை முதல் எழுத்தை அரிசியில் எழுதிவிட்டதாம், கம்ப்யூட்டரிலும் ஒன்று அடித்துவிடட்டும் என்று அழைத்து வந்திருந்தார். நான் பெருமையோடு சந்தனத்தின் மேல்பகுதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நாற்காலியைப் போட்டேன். அவர் மகளின் விரலைப் பிடித்து ஆங்கில 'ஏ' எழுத்தை அழுத்தினார். அழுந்தியது. எழும்பவில்லை. திரையில் 'ஏ' ஓட ஆரம்பித்தது. ஒரு வரி நிரம்பி, இரண்டாவது வரி நிரம்பி, பக்கம் நிரம்பி ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை கை தட்டியது. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"என்னங்க இது, முதல் எழுத்தே நிக்க மாட்டேங்குது? நல்ல நாளும் அதுவுமா," என்றார்.

நான் ஒயரைப் பிடுங்கினேன். அவர் மனைவிதான், "நிக்காம படிப்பாள்னு எடுத்துக்கங்க," என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அந்த அம்மாவை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

குப்பத்திலிருந்து திரும்பி வந்த மனைவி கீபோர்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இத்தினி சந்தனம் நம்ம கண்ணாலத்துல கூட அரைக்கல," என்றாள். கடைக்காரரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிச் சரிசெய்து வரச் சொன்னாள். இம்முறை சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற வரை பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் ரிப்பேர் பார்க்கிறவர் தண்ணி கிண்ணி பட்டதா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். தண்ணீர் மட்டும் தனியாகப் படவில்லையே என்று மனதுக்குள் ஒரு நியாயம். அவர் ஒரு விசையை நெம்பி எடுத்தார். கடை முழுக்கக் கர்ப்பக்கிரக வாசனை. இரண்டாவதை எடுத்தார். அடியில் சிவப்பாகக் குழம்பியிருந்தது.

"அண்ணாத்த, கீபோர்டுனு சொன்னே. உற்சவ மூர்த்திய இல்ல தூக்கினு வந்துகீறே?"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் பழகியதெல்லாம் மறந்து, "எல்லாத்துக்கும் ஒரே அளவாத்தான் வெச்சேன்," என்று சொல்லிவிட்டேன். கூட்டம் இன்னொரு முறை சிரித்தது. அவர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதற்கெல்லாம் வாரண்டி கிடையாது, சுத்தம் செய்து பார்க்கிறேன், விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

அடுத்த வாரம் வாங்கப் போனேன். விசைகள் முன்னைவிட நன்றாகவே அடித்தன. டக்டக் சத்தமும் அப்படியே இருந்தது. விளக்கு மட்டும் போய்விட்டது. ஒரு மூலையில் இரண்டு மூன்று எழுத்து மினுக்கென்று எரிந்து அதுவும் அணைந்தது. எந்த விளக்குக்காக ஆள் வந்தார்களோ அது போய், எந்தச் சத்தத்துக்காக ஆள் ஓடினார்களோ அது மட்டும் மிச்சம்.

சாயந்தரம் கரண்ட் போனதும் லைட்டு கேபினைக் கேட்டு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஏசி சென்டருக்கே போய் வெந்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் கடை பழையபடி ஆயிற்று. மார்கழியில் மனைவியின் அண்ணன் தை முதல் வாரத்தில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கூவிப் பழகினேன். இரண்டாவது கூவலுக்குப் பக்கத்து வீட்டு அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டு வந்தார்கள்.

கீபோர்டை என்ன செய்வது என்று தெரியாமல் மூலையில் வைத்திருந்தேன். மனைவி ஒரு நாள் அதை எடுத்துத் தன் மேஜையில் மாட்டிக்கொண்டாள். வாசலை ஒட்டிய மேஜை. எப்போதாவது வரும் தமிழ் மனுவை அவள் அங்கே அடிப்பாள். அவள் எழுத்தைப் பார்த்து அடிக்கிறவள் இல்லை, விளக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன. டைப்ரைட்டரை விட்டு மெத்தென்ற கீபோர்டுக்கு மாறிய நாளிலிருந்து விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்ததாம். இதில் டைப்ரைட்டர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வேலை இல்லாதபோதும் அடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வாசல் தாண்டிப் போயிற்று.

எதிர் டீக்கடையில் நின்றிருந்த ஒரு பெரியவர் கிளாஸோடு தெருவைத் தாண்டி வந்தார். "இங்க டைப் அடிக்கிறாங்களா? இது தெரியாம நான் செங்கல்பட்டு கோர்ட்டு வாசலுக்கு அலைஞ்சிகினு கீறேன்," என்றார். அவருடைய பட்டா மனுவை அடித்துக் கொடுத்தாள். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். சத்தத்தைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. பொங்கலுக்குள் வாசலில் ஒரு பெஞ்சு போட வேண்டியதாயிற்று.

சொன்னபடி தையில் அண்ணன் வந்தார். பெஞ்சில் இடமில்லை. நின்றுகொண்டே என்னிடம் ஏலத்தைப் பற்றி ஏதோ சொன்னார். தங்கை அடித்துக்கொண்டிருந்த வேகத்தில் எனக்குக் கேட்கவில்லை. குரலை உயர்த்தினார். அப்போதும் பாதிதான் கேட்டது. தங்கையின் மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அரிப்பில் கடல் உள்ளே வந்துவிட்டது, படகு நிறுத்த இடமில்லை, கல் கொட்டித் தர வேண்டும் என்று குப்பத்தார் கலெக்டருக்குக் கொடுக்க வேண்டிய மனு. தன் முறை வந்ததும் உட்கார்ந்து, ஏலம் விடும் அதே குரலில் வாசிக்க, அவள் அடித்தாள்.

கையெழுத்துப் போடும் இடத்தை விட்டு அச்செடுத்துக் கொடுத்ததும் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்லா கீது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ கரைக்கு வர வேணாம். வந்து இன்னா பண்ணப் போறே, வாயத் தொறக்க மாட்டே. இவளுக்கு ஒத்தாசையா இரு."

இது அவமானமா, நிம்மதியா என்று யோசிக்க நேரமில்லை. பெஞ்சிலிருந்த அடுத்த ஆள் எழுந்து வந்துவிட்டார். அண்ணனுக்கு டீ சொல்ல நான் எதிர்க்கடைக்குப் போனேன்.