இரண்டு சதுரங்களும் ஒரே அளவுதான்

முனிரத்தினம் போய்விட்டான் என்ற செய்தி, மூலையில் கறுப்பு தடவிய தபால் அட்டையாக நகரிக்கு வந்தது. அப்படிப்பட்ட அட்டையைப் படித்த கையோடு கிழித்துப் போடுவது எங்கள் வழக்கம். நான் கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவனை அறிந்த நீங்கள், நினைவு மலருக்காக அவனுடைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இறந்தவனை 'அவர்' என்பதுதான் மரியாதை. எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தூரில் ஒரு வரைபட அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. ஆந்திர மாநிலம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இரு தரப்பும் மல்லுக்கு நின்ற காலம். தமிழ் அதிகம் பேசும் ஊர்களைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். தெலுங்கு அதிகம் பேசும் ஊர்களை வெள்ளையாக விட வேண்டும். அந்தப் படத்தை ரத்தினம்தான் வரைந்தான். மை காய்ந்ததும் எட்டிப் பார்த்தேன். கறுப்பு நிரப்பிய எங்கள் ஊர் சுருங்கிக் கிடந்தது, பக்கத்து வெள்ளை ஊர் பருத்திருந்தது. பழைய படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

ரத்தினம் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சந்தேகப்பட எனக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் ஊரை ஏன் குறைத்தாய் என்று சண்டைக்குப் போனேன். அவன் ஸ்கேலை என் பக்கம் தள்ளினான்.

"அளந்து பாருப்பா. கண்ணு சொல்றதையே கேட்டுக்கினு இருக்காத."

நான் அளக்கவில்லை. அன்று சாயங்காலமே மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். அவருக்கும் அளந்து பார்க்கப் பொறுமை இல்லை. படத்தைப் பிடுங்கிக்கொண்டு, பழைய காகிதக் கட்டுகளைத் தூசு தட்டும் வேலைக்கு அவனை அனுப்பினார். சில மாதங்களில் வேலையை உதறிவிட்டுத் திருப்பதிக்குப் போய்ப் பெயர்ப் பலகை எழுத ஆரம்பித்தான். படம் என் மேசைக்கு வந்தது. அப்போதுதான் அளந்தேன். நூலளவும் பிசகவில்லை. கறுப்பு கண்ணுக்குச் சிறுத்துத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கறுப்பு வெள்ளைத் தகராறு அவனையும் விடவில்லை. பிழைப்புக்குப் பலகை எழுதிய நேரம் போக, கோடும் கட்டமும் வளையமுமாக வரைந்து தள்ளினான். கறுப்பையும் வெள்ளையையும் தவிர வேறு நிறத்தைத் தொடவே இல்லை. ஓர் ஓட்டல்காரர் ஆசையாக ஒன்றை வாங்கிக் கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டினார். சாப்பிட்டு எழுந்தவர்களுக்குக் கோடுகள் ஆடுவதுபோல் தெரிந்து தலை சுற்றியது. ஒருவர் சாம்பாரில் ஏதோ கலந்துவிட்டதாகச் சண்டை போட, மறுநாளே படம் திரும்பி வந்துவிட்டது. ரத்தினம் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

"செவுரும் ஆடல, படமும் ஆடல. பாக்கறவன் கண்ணுதான் ஆடிக்கினு கீது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லை முடிவானது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. மாதம் ஒருமுறை ரயிலேறி அவனைப் பார்க்கப் போவேன். கடிதம் போட்டது நான்தான் என்று இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் கிளம்புவேன். அவன் புதுப் படத்தை எடுத்து வைப்பான். நான் எதையாவது உளறிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடிவந்துவிடுவேன். நான் ஒரு கோழை. வேறு சொல் தெரியவில்லை.

காரியத்தன்று அவன் மனைவி சுலோசனா ஒரு சிறிய பலகையைக் கொண்டுவந்து தந்தாள். ஒரு பாதியில் வெள்ளைக்குள் கறுப்புச் சதுரம், மறு பாதியில் கறுப்புக்குள் வெள்ளைச் சதுரம். எனக்கென்று அவன் எடுத்து வைத்திருந்தானாம். அப்போதுதான் அவளிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்ணா. ஆபீசரு அந்தக் கடுதாசிய அவருகிட்ட காட்டினாராம். பக்கத்துல உக்காந்துக்கினு எழுதறவரோட எழுத்து தெரியாதா? அவனா சொல்லட்டும், நீ ஒண்ணும் கேக்காதன்னுட்டாரு."

அந்தப் பலகை இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு சுவரில் மாட்டினால் நிம்மதியில்லை. கழற்றி வேறு சுவரில் மாட்டுகிறேன். தினமும் ஸ்கேல் வைத்து அளக்கிறேன். இரண்டும் ஒரே அளவுதான். ஸ்கேலை எடுத்ததும் வெள்ளை மறுபடி பெரிதாகிவிடுகிறது. அவன் எனக்கு விட்டுப்போனது இதுதான். நான் அவனுக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று பாக்கி. அந்தக் கடிதத்தின் அடியில் எழுதாமல் விட்டதை உங்கள் எல்லோர் முன்னாலும் இங்கே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
த. ஏகாம்பரம், நகரி.