புளியங்கொட்டையும் போல்ட்டும்

இன்று காலை சப்பாத்திக்கு மாவு பிசைந்தபோது அந்தப் பச்சை மாவு வாசனை என்னை வடக்குப்பட்டு அங்கன்வாடிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. நான் அங்கே டீச்சராக இருந்த நாட்களில் மாவு பிசைந்தது சமைக்க இல்லை. பிள்ளைகள் உருட்ட, கிள்ள, பாம்பு செய்ய. பாதிப் பாம்புகள் அவர்கள் வயிற்றுக்குள் போனது வேறு கதை.

எழுதும் முன்னால் விரல் பழக வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நானும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். மணலில் கோடு இழுப்பது, காகிதம் கிழிப்பது, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாட்டிலில் போடுவது. (என் கையெழுத்தை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் என்னை இந்த வேலைக்கு எடுத்தவர்களைத் திட்டியிருப்பீர்கள்.)

யாழினிக்கு அப்போது மூன்றரை வயது. அவள் அம்மா கலா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பாகங்களைப் பூட்டும் லைனில் வேலை பார்த்தாள். ஷிப்டு முடிந்து வந்ததும் மகளின் கையை இறுக்கிப் பிடித்து சிலேட்டில் 'அ' எழுத வைப்பாள். அங்கன்வாடியில் சாக்பீஸைக் கண்டாலே பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

ஒருநாள் கலா யூனிஃபார்மோடு நேராக வந்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், இது வெறும் கொட்டையே பொறுக்கிகினு கீது. எப்பதான் எழுதும்? வேற எடத்துல சேத்துடவா?"

பயிற்சியில் படித்த பெரிய வார்த்தைகள் எல்லாம் சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டன. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "கம்பெனியில சேந்த அன்னிக்கே உன்ன லைன்ல வுட்டாங்களா கலா?"

"அதெப்படி வுடுவாங்க? ஒரு வாரம் டிரெய்னிங் ரூம்ல ஒக்கார வெச்சி, போல்ட்ட பொறுக்கி ஓட்டையில போடச் சொன்னாங்க. வெரலு பழகணுமாம்."

சொன்னவள் மகளின் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "நுனி வெரலால எடு, அப்பதான் நழுவாது" என்று மகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். வீட்டு சிலேட்டு அன்றே பரணில் ஏறியது.

இரண்டு மாதத்தில் யாழினி தானாகவே சாக்பீஸை எடுத்தாள். எழுத்து இல்லை, தரை முழுக்க நெளிநெளியாகக் கோடு. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டால் விரல் வைத்துப் படிப்பாள். "அம்மா பஸ்ல வருது. எனுக்கு பன்னு வாங்கினு வருது." மறுநாள் அதே மாதிரிக் கோட்டில் வேறு கதை இருக்கும். நானும் கலாவும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

போன மாதம் கடைத்தெருவில் யாழினியைப் பார்த்தேன். நாலாவது படிக்கிறாள். கடைப் பலகைகளைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா இருக்காமல், மளிகை பில்லின் பின்பக்கம் அந்த நெளிகோட்டை இழுத்து, "இதப் படி" என்று நீட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் எழுதல டீச்சர்" என்றாள்.

சரிதான். அதைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான் இருந்தாள், அந்த மூன்றரை வயது யாழினி.