நாத்தனாரின் நெற்றியில் ஒரு ஜன்னல்

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு உட்காருவதுதான் வேலை. கேலி என்று நினைக்க வேண்டாம். ஓவியப் பள்ளியில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாணவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் படம் வரைவார்கள். இமைக்கலாம், மூச்சு விடலாம். மற்றபடி அசையக் கூடாது. வீட்டில் வாய் ஓயாத மனுஷி அங்கே எப்படித்தான் இருக்கிறாரோ என்று நான் பலநாள் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு.

ஆனால் அந்த வேலை என்றால் என் நாத்தனாருக்கு உயிர். வீட்டில் கொஞ்சம் காலை நீட்டினால் போதும், சும்மாதானே இருக்கே என்று தம்பி சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொல்வார், அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடச் சொல்வார். நான் மட்டும் என்ன, உரிக்கச் சொல்லி வெங்காயத்தைக் கொண்டுபோய் வைப்பேன். அங்கே சும்மா இருப்பதற்குத்தான் சம்பளமே.

ஒரே வில்லங்கம், அவருடைய தோல். வெயில் போய்க் குளிர்காற்று வரப்போவது அதற்குத்தான் முதலில் தெரியும். கன்னம் வறண்டு சிவக்கும், மூக்கோரம் செதில் செதிலாக உரியும், அரிப்பு பிராணனை வாங்கும். காலையில் மாணவர்கள் கலந்த வர்ணம் மதியத்துக்கு உதவாது. ஒரு பெண் கன்னத்தைத் தக்காளி நிறத்தில் தீட்டிவிட்டு, ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆண்டுத் தேர்வும் பாழாய்ப்போன அந்தப் பருவத்தில்தான் வந்தது. தேர்வில் இவர் சிவந்தாலோ சொறிந்தாலோ, அடுத்த வருஷம் இவருக்குப் பதில் ஒரு பிளாஸ்டர் சிலையை வாங்கி வைத்துவிடுவதாகப் பள்ளி முதல்வர் சொல்லிவிட்டார். நாத்தனார் அன்று யாரோடும் பேசவில்லை. அவர் பேசாத வீடு எனக்குச் சகிக்கவில்லை. முதல்வர்மேல் வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்ததைத் தீயவிட்டேன்.

தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சுடச்சுடக் குளிக்க வேண்டாம், வாசனை சோப்பை விட்டுவிடுங்கள், குளித்த ஈரம் காய்வதற்குள் இந்த வாசனையில்லாத களிம்பை மெல்லிசாகப் பூசுங்கள் என்றார். எல்லாவற்றையும் நாத்தனார் அப்படியே கேட்டார், 'மெல்லிசாக' என்பதைத் தவிர. தேர்வு நாளன்று டப்பாவில் பாதியை அள்ளி அப்பிக்கொண்டு வந்து நின்றார்.

"கொஞ்சம் துடைச்சுக்குங்க அண்ணி."

"வேலை போச்சுன்னா எனக்குப் பதிலா நீயா வந்து உக்காருவே?"

துணைக்குப் போன நான் பின்சுவரோரம் ஒண்டிக்கொண்டேன். ஜன்னலுக்கு எதிரே நாத்தனார். முகம் சிவக்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போல மின்னியது. நெற்றியில் ஜன்னல் தெரிந்தது, கம்பி உட்பட.

வரைவது தேர்வுக்கு ஆயிற்றே, பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லா நெற்றியிலும் ஜன்னல். ஒருவன் படத்தில் மட்டும் அந்த ஜன்னலருகே ஒரு வழுக்கைத்தலைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தேர்வாளர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. வேலை போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பளபளப்பை வரையத்தான் பிள்ளைங்க தடுமாறுவாங்க. இவங்களையே அடுத்த வருஷமும் உக்கார வைங்க. இதே பூச்சோட."

தானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்ததாக முதல்வர் கூசாமல் சொன்னார். இருக்கட்டும். வேலை தங்கியதே, எனக்கு அது போதும்.

மணி அடித்தது. எழுந்திருக்கலாம் என்றார்கள். நாத்தனார் எழவில்லை. மெல்லக் கையைத் தூக்கி, அத்தனை நேரமும் அடக்கிவைத்த மூக்கோர அரிப்பைச் சொறியத் தொடங்கினார். கண் சொருகி, வாய் ஒரு பக்கம் கோணி, அப்படியொரு சுகம் அந்த முகத்தில். பையைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக மறுபடி பென்சிலை எடுத்தார்கள்.

"அக்கா, அப்படியே இருங்க. அசையாதீங்க."

அரிப்பு பாதிதான் தீர்ந்திருந்தது. நாத்தனார் விரலை மூக்கோரம் வைத்தபடியே அசையாமல் உட்கார்ந்தார்.