போர்வைக்குள் இருந்தது டிவி இல்லை, பாஸ்டர்

நேற்று எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், எங்களிடம் இல்லாத ஒரு டிவிக்காக நான் திட்டு வாங்கினேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில். ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நாலடி மீன்தொட்டி. (சோபா எங்கே என்று கேட்கும் உறவினர்களுக்கு: தரை நன்றாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள்.)

தொட்டியில் ஒரு கூட்டம் குட்டி டெட்ரா மீன்கள், அவற்றோடு ஒரு ஜோடி எர்த் ஈட்டர். தென் அமெரிக்க ஆற்று மீன். தமிழில் சொன்னால் மண்தின்னி.

பெயர்தான் அப்படி, மண்ணைத் தின்னாது. வாய் நிறைய மணலை அள்ளி, மென்று, இரையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாக உதிர்த்துவிடும். நாள் முழுக்க இதே வேலை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் எத்தனையோ முறை பால் பொங்கி அடுப்பில் வழிந்திருக்கிறது.

இதைவிட அதிசயம், இந்த மீன் குஞ்சுகளை வாயில் வைத்து வளர்க்கும்.

போன தடவை அம்மா மீனின் தாடை உப்பியிருந்தபோது, வந்த விருந்தாளி ஒருவர் கண்ணாடியைத் தட்டி ஹாய் சொன்னார். அது மிரண்டு அத்தனை குஞ்சுகளையும் விழுங்கிவிட்டது. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி மணல் சலித்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இந்த மாதம் மறுபடியும் தாடை உப்பியது. நான் மிக்சியை பால்கனிக்குக் கொண்டுபோய்ச் சட்னி அரைத்தேன்.

அப்போது பார்த்து எங்கள் முறை வந்தது. எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். "இந்த வாரம் வேண்டாம்" என்று சொன்னால், வீட்டில் என்ன பிரச்சினையோ என்று அதற்கும் சேர்த்து ஜெபிப்பார்கள். போன முறை அவர்கள் வந்தபோது இந்தத் தொட்டி இல்லை.

பீன்யா ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "பெட்ஷீட் போட்டு மூடிடு. இருட்டா இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்."

மூடினேன். அங்கேதான் தப்பு.

எங்கள் சபையில் டிவி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் இல்லை. வாங்கிவிட்டவர்கள், கூட்டம் நடக்கும் நாளில் அதைப் போர்வை போட்டு மூடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் போர்வையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். உள்ளே ஃபில்டர் ஓடுகிற சத்தம் வேறு. (சவுண்டைக் குறைத்து வைத்திருக்கிறேன் என்றே நினைத்திருப்பார்கள்.)

டோலக் வாசிக்கிற அண்ணன் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதால் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்டர். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பிரசங்கம் ஆரம்பித்தது. "மனுஷன் கண்ணுக்கு எதையும் மறைச்சிடலாம். எத்தனை பெரிய போர்வை போட்டாலும் மேல இருக்கறவருக்குத் தெரியாதா?"

சொல்லிவிடலாம்தான். ஆனால் மீன் என்றால் எல்லோரும் எழுந்து வருவார்கள், யாராவது ஒருவர் கட்டாயம் கண்ணாடியைத் தட்டுவார். குஞ்சுகளுக்காகத் திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நான் மனம் திரும்பிவிட்டதாக பாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

"சிஸ்டர் அழறாங்க. இன்னிக்கே ஒரு தீர்மானம் எடுக்கப்போறாங்க. எல்லாரும் நல்லா கையத் தட்டி ஸ்தோத்திரம் பண்ணுவோம்."

ஹால் முழுக்கக் கைகள் உயர்ந்தன.

"தட்டாதீங்க பாஸ்டர்," என்றேன். "அது டிவி இல்ல. மீன். வாயில பிள்ளைங்கள வெச்சிருக்கு. சத்தம் கேட்டா முழுங்கிடும்."

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

"வாயிலயா?" என்றார் பாஸ்டர்.

"ஆமா பாஸ்டர்."

பாஸ்டர் குரலை இறக்கி, "ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், பாக்கலாமா சிஸ்டர்?" என்றார்.

"நின்னா நிழல் விழும், பயந்துக்கும்" என்றேன். மொத்தச் சபையும் முழங்காலில் நகர்ந்து வந்தது, பாஸ்டர் உட்பட. அந்த நேரம் பார்த்து டோலக் அண்ணன் உள்ளே நுழைந்தார். எங்களைப் பார்த்துவிட்டு டோலக்கை வாசலிலேயே வைத்துவிட்டு அவரும் முழங்காலிட்டார்.

நான் போர்வையை மெதுவாக விலக்கினேன்.

அம்மா மீன் மூலையில் அசையாமல் நின்றது. பிறகு வாயைத் திறந்தது. கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. கடுகை விடக் கொஞ்சம் பெரியவை. வந்ததும் வராததுமாக ஒவ்வொன்றும் மணலில் குனிந்து, ஒரு துகளை வாயில் எடுத்து மென்று துப்பியது. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

ஒரு டெட்ரா கிட்டே வந்தது. அம்மா துடுப்பை ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான், குஞ்சுகள் திரும்பி வாய்க்குள் பாய்ந்தன. தூரத்தில் சில தவித்துக்கொண்டிருந்தன. அப்பா மீன் போய் வாயைத் திறந்தது. அவை அதற்குள் புகுந்துகொண்டன.

"அப்பனுமா?" என்றார் கிரேஸ் அக்கா, மூச்சு விடுகிற சத்தத்தில். பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்காரரை இடித்தார். "பாருங்க. நல்லா பாருங்க."

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எதையோ நெனச்சு என்னென்னவோ பேசிட்டேன் சிஸ்டர்."

"பரவாயில்ல பாஸ்டர். வேற யாருக்காச்சும் உபயோகப்பட்டிருக்கும்." (இரண்டு பேர் உடனே தரையைப் பார்த்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.)

பாட்டு இல்லை. பாஸ்டர் அங்கேயே, அந்தக் குஞ்சுகளுக்கும் சேர்த்து, காதோடு பேசுகிற குரலில் ஜெபித்தார். எங்கள் சபையில் ஆமென் என்றால் தெருமுனை வரை கேட்கும். நேற்று பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

இன்று காலை எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா தாடை உப்பியிருக்கிறது. அப்பா தாடையும் உப்பியிருக்கிறது.

தூக்கிய கையைத் தட்டாமல் இறக்கிய அத்தனை பேருக்கும் நன்றி.